கடல் கடந்த பேராசிரியர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் தீவில், திருவரங்கத்துக்கு அண்டையிலேயே உள்ளது திருவானைக்காவல். இங்கே சப்தரிஷி சாஸ்திரி என்ற வடமொழிப் புலவர் வாழ்ந்தார். இரயில் வசதி பெருகாத அந்நாளில், நவ்ய நியாயம் என்னும் தருக்க நூலைக் கற்க வேண்டுமென்ற ஒரே ஆசையால் வங்காளம் வரை கால்நடையாகவே சென்று திரும்பியவர் அவர். அவருடைய மகள் பார்வதி அம்மாளுக்கு 1888 நவம்பர் 7-ஆம் நாள் அவ்வூரில் பிறந்த ஆண்மகவே பின்னாளில் உலகு புகழ்ந்த சர் சி. வி. இராமன்.

திருவானைக்காவல் நீர்த்தலம். நீர் ஊறும் கருவறைக்குப் பெயர் பெற்ற ஊரில் பிறந்தவர் கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்தது பொருத்தமே என்று மேடையில் பேசுவோர் உண்டு. கேட்க இனிமைதான், ஆனால் நான்கு வயது நிறையுமுன்பே, 1892-ல், தந்தை சந்திரசேகர அய்யருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்துக் குடும்பம் ஊரை விட்டுச் சென்றுவிட்டது. நம்மூர் அவருக்குத் தந்தது நீரைவிட அந்தப் பாட்டனாரின் கால்களைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் இராமன் படித்தபோது, இவ்வளவு கூர்மையான மாணவன் இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். எழுத வேண்டுமென்று ஆசிரியர்கள் விரும்பினர். உடலைச் சோதித்த அரசு மருத்துவரோ, இந்த மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று தடுத்துவிட்டார். வேறொருவராயின் இடிந்து போயிருப்பார். இராமனோ பிற்காலத்தில் அம்மருத்துவருக்கு நன்றியே பாராட்டினார்.

1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனார். பகலெல்லாம் கணக்கு; காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. இப்படிப் பத்தாண்டுகள் கழிந்தன. சர் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராய் இருக்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. பயிற்சிக்கென்று எங்கும் போக மாட்டேன் என்று இராமன் மறுத்துவிட்டார். இறுதியில் விதிதான் வளைந்தது. அரசுப் பதவியையும் அதன் உயர்ந்த சம்பளத்தையும் உதறிவிட்டு, 1917-ல் தம் இருபத்தெட்டாம் வயதில் அவர் ஆசிரியரானார். வெளிநாட்டுப் பட்டமே பட்டம் என்று எண்ணும் நம்மில் சிலர் இந்த இடத்தில் சற்று நிற்கலாம்.

கற்கப் போக மறுத்தவர் 1921-ல் முதன்முறையாகக் கப்பலேறினார். பிரிட்டிஷ் பேரரசின் பல்கலைக்கழகங்கள் ஆக்ஸ்போர்டில் கூட்டிய மாநாட்டுக்குக் கல்கத்தாவின் பிரதிநிதியாகச் சென்றார். தலைப்பாகை, மரக்கறி உணவு, மதுவைத் தொடாத வழக்கம் ஆகிய எதையும் அவர் கடலில் எறிந்துவிடவில்லை. ரதர்போர்டின் சொற்பொழிவொன்றில் பின்வரிசையில் அமர்ந்திருந்தவரை, அந்தப் பேரறிஞரே கண்டுகொண்டு முன்வரிசைக்கு அழைத்தார் என்பர். அந்நட்பு நெடுநாள் நீடித்தது.

இலண்டனில் வேடிக்கை பார்க்கப் போன இடத்திலும் அவருக்கு வேலை கிடைத்தது. புனித பால் பேராலயத்தின் குவிமாடத்துக்கு அடியில் வட்டமான மாடம் ஒன்று உண்டு. ஒருபுறம் சுவரையொட்டி மெல்லப் பேசினால் எதிர்ப்புறத்தில் கேட்கும். இதற்கு ராலே பிரபு முன்பே விளக்கம் தந்திருந்தார். அது முழுமையானதா என்று பார்க்க இராமன் அங்கேயே சோதனை செய்தார். சுவரிலிருந்து விலகி வரவர ஒலி சீராகக் குறையாமல் ஏறியும் இறங்கியும் ஒலிப்பதைக் கண்டார். ஊர் திரும்பிய பின் பிஜப்பூரின் கோல்கும்பசையும் பாட்னாவின் பழைய தானியக் களஞ்சியத்தையும் இதே கண்ணோட்டத்தில் ஆராய்ந்தார்.

மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது அந்தப் பயணத்தில்தான். வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்பது அதே ராலேயின் கருத்து. திரும்பும் வழியில் நார்க்குண்டா கப்பலின் தளத்தில் நின்று, கையிலிருந்த சிறிய நிக்கோல் பட்டகத்தின் வழியே இராமன் நீரை நோக்கினார். தகுந்த கோணத்தில் பார்த்தால் நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வான ஒளி அணைந்துவிடும். அப்போதும் நீலம் மறையவில்லை. முன்னிலும் ஆழ்ந்து தெரிந்தது. அப்படியானால் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன! கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் அங்கிருந்தே, செப்டம்பர் 26 தேதியிட்டு, நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

1924-ல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அவ்வாண்டே டொராண்டோவில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தில் ஒளிச்சிதறல் பற்றிய விவாதத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதே கூட்டத்தில் எக்ஸ் கதிர் குறித்து ஒரு பெரும் வழக்காடலும் நடந்தது. சிதறும்போது கதிரின் அலைநீளம் மாறுகிறது என்றார் காம்ப்டன். இல்லை என்றார் ஹார்வர்டின் டுவேன். நம்மவர் டுவேன் பக்கம் சாய்ந்தார். வாதத் திறமை இருக்கிறது, உண்மைதான் இல்லை என்று காம்ப்டனிடமே நேரில் சொல்லியும் விட்டார். சில மாதங்களில் டுவேனே தம் சோதனை தவறென்று ஒப்புக்கொண்டார். இராமன் பிழைபட்ட இடம் இது. புகழ்மாலைக் கட்டுரைகளில் இதை விட்டுவிடுவது வழக்கம். நான் விடவில்லை. ஏனெனில், தாம் மறுத்த அந்த உண்மையைப் பின்னர் அவர் மனத்தில் இருத்தி, எக்ஸ் கதிருக்கு நேர்வது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் நேராதா என்று தேடினார்.

கனடாவிலிருந்து அமெரிக்கா சென்ற அவரை, மில்லிகன் தம் பாசடீனா நிறுவனத்துக்கு வருகைப் பேராசிரியராக அழைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கே தங்கினார். மில்லிகனோ முந்திய ஆண்டில்தான் நோபல் பரிசு பெற்றவர். வெளிநாட்டுப் பயிற்சி இல்லாத ஆசிரியர் ஒருவர், அத்தகையோர் நடுவில் அமெரிக்க மாணவர்க்குப் பாடம் சொன்னார். அருகிலிருந்த வில்சன் மலைக்கும் ஏறி, அந்நாளில் உலகிலேயே பெரியதான நூறு அங்குலத் தொலைநோக்கியைக் கண்டு வந்தார். 1925-ல் திரும்பியவர், அவ்வாண்டே உருசிய அறிவியல் கழகத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காக மீண்டும் புறப்பட்டுவிட்டார். கல்கத்தாவில் உலோகசுந்தரி அம்மையார் என்ன நினைத்தாரோ!

1927-ல் காம்ப்டன் நோபல் பரிசு பெற்றார். 1928 பிப்ரவரி 28-ல், பௌபஜார் தெருவின் அதே கூடத்தில், கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உழைக்க, இராமன் விளைவு வெளிப்பட்டது. 1930-ல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்பே, சூலை மாதத்தில், தமக்கும் மனைவிக்குமாகச் சுவீடனுக்கு இரண்டு கப்பல் சீட்டுகளைப் பதிவு செய்திருந்தார். இதைச் செருக்கு என்பாரும் உண்டு. சீட்டு வீணாகவில்லை. திசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் தம் விளைவை மதுசாரத்தைக் கொண்டே செய்துகாட்டினார் என்றும், பின்னர் விருந்தில் மதுக்கிண்ணத்தை நீட்டியபோது, மதுவின் மேல் இராமன் விளைவைப் பார்த்துவிட்டீர்கள், இராமன் மேல் மதுவின் விளைவைப் பார்க்க ஆசைப்படாதீர்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார் என்றும் சொல்வார்கள். விழா மேடையில் மட்டும் அவர் சிரிக்கவில்லை. தாம் அமர்ந்திருப்பது பிரிட்டிஷ் கொடியின் கீழ், தம் நாட்டுக்கென்று ஒரு கொடியும் அங்கே இல்லை என்பதைக் கண்டு கண்ணீர் வடித்ததாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.