முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் அவன் பெற்ற மக்களும்

எல்லாம் வல்ல அம்பாளின் திருவருளால் எமது ஆலய மகோற்சவ மலரில் ஒரு கட்டுரை எழுதும் பேறு அடியேனுக்கு இவ்வருடமும் கிடைத்துள்ளது. வள்ளல் ஒருவரின் வாழ்வை எழுதும்படி சபையினர் கேட்டபோது என் மனதில் முதலில் தோன்றியவன் பாரி. சுந்தரமூர்த்தி நாயனார் திருப்புகலூர்ப் பதிகம் ஒன்றில், பொருளுக்காக மனிதரைப் பாடாது இறைவனைப் பாடுமாறு புலவர்களுக்கு அறிவுரை கூறுகிறார். அங்கே ஈகைக்கு அளவுகோலாக அவர் எடுத்துக்காட்டுவதும் பாரியின் பெயரையே. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாயனார், தமக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்த ஒருவனை இவ்வாறு நினைத்தார் என்றால் அவன் பெருமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பாரி சங்க காலத்துக் குறுநில மன்னன். வேளிர் குலத்தவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனுடைய பறம்பு மலை இன்று தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை என்று வழங்குகிறது. திருஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் என்னும் தலமும் அதுவே. ஆகவே சைவ மக்களாகிய எமக்கு அந்த மலை புதியதன்று.

பாரி மாளிகைக்குள் அடைபட்டு வாழ்ந்தவன் அல்லன். அவன் வாழ்வு மலையோடும் சுனையோடும் காட்டோடும் கலந்திருந்தது. மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கையும் உழாமலே தரும் மலை அது என்று அவன் உயிர்த்தோழராகிய கபிலர் பாடியுள்ளார். ஒருநாள் தேரிலே சென்றபோது, பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கொடி ஒன்றை அவன் கண்டான். ஏறிவந்த தேரை அதற்குப் பந்தலாக நிறுத்திவிட்டு வந்தான். இச்செய்தியைச் சிறுபாணாற்றுப்படையும் கூறுகிறது. கொடி வாய் திறந்து கேட்கவில்லை. தேரைப் பெற்றுக்கொண்டு அது அவனைப் புகழப் போவதுமில்லை. கேளாமலே பிறர் குறையறிந்து கொடுக்கும் குணத்தை அச்செயலில் காண்கிறோம்.

அவன் நாட்டில் 300 ஊர்கள் இருந்தன. அவ்வளவையும் இரவலர்க்கே வழங்கிவிட்டான். அவன் புகழைப் பொறாத சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஒன்றுசேர்ந்து மலையை முற்றுகையிட்டனர். வாளால் இந்த மலையைப் பெற இயலாது, யாழ் மீட்டிப் பாடி வந்தால் நாட்டையும் மலையையும் சேர்த்தே பெறலாம் என்ற கருத்தில் கபிலர் அவர்களுக்கு எடுத்துரைத்தார். முற்றுகை நீண்டபோது பறவைகளை வெளியே விட்டு நெற்கதிர்களைக் கொண்டுவரச் செய்தனர் என்ற செய்தி அகநானூற்றில் உண்டு. ஆயினும் இறுதியில் பாரி மாண்டான். பறம்பும் பகைவர் வசமாயிற்று.

பாரிக்கு இரு பெண்மக்கள். அங்கவை, சங்கவை என்று பிற்கால வழக்கு பெயர் கூறும். கல்வியிற் சிறந்தவர்கள். தந்தை இருந்த மாதத்து நிலவையும் அவன் இல்லாத மாதத்து நிலவையும் எண்ணி அவர்கள் பாடிய சிறிய பாட்டு புறநானூற்றின் 112ஆம் பாடலாக உள்ளது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இத்தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து, அந்நிய ஊர்களில் அதே நிலவைப் பார்த்திருந்த எம்மவர்க்கு அப்பாட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தோழனின் மக்களைத் தம் மக்களாக ஏற்று, கபிலர் அவர்களைக் கால்நடையாக அழைத்துச் சென்றார். அவர்கள் நீங்கிய பின், எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய பறம்பின் சிறுகுளம் பேணுவாரின்றி உடைந்ததை எண்ணியும் அவர் வருந்திப் பாடினார். விச்சிக்கோன் என்னும் மன்னனிடம் சென்று, முல்லைக்குத் தேர் ஈந்தவன் மக்கள் இவர்கள் என்று சொல்லி மணம் பேசினார். அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் சென்றார். அவனும் ஏற்கவில்லை. பின்னர் அப்பெண்களை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டு, வடக்கிருந்து உயிர்நீத்தார். பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவிலுள்ள பாறையில் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது.

அடியார்களே, முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைப் பள்ளிப் பருவத்திலேயே படித்தோம். அந்த வள்ளலின் பிள்ளைகள் வாசல் வாசலாக நின்ற கதையை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அடியேன் அரசாங்க இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன். பழைய பதிவேடுகளைப் புரட்டுவது பழகிய வேலை. சில வருடங்களுக்கு முன் அன்னதான மடத்தில் பின்வரிசையில் வந்திருந்து உண்டு சென்ற ஒரு வயோதிப அம்மாவை யாரென்று நான் விசாரிக்கவில்லை. பின்னர் உபயகாரர் பதிவேட்டைப் பார்க்கும்போதுதான், அந்த மடம் நிற்கும் காணியை ஆலயத்துக்கு எழுதிக் கொடுத்தவரின் மகள் அவர் என்று அறிந்தேன். இடப்பெயர்வில் அனைத்தையும் இழந்த குடும்பம். அன்று பந்தியை மேற்பார்வை செய்தவன் நானே. விச்சிக்கோனைக் குறைகூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

எமது ஆலயத்துக்குக் கிணறு வெட்டியவர்கள், காணி தந்தவர்கள், மண்டபத்துக்குக் கல் சுமந்தவர்கள் பலர். சிலரின் பிள்ளைகள் வெளிநாட்டில் நலமாக இருந்து இன்றும் திருவிழா உபயம் செய்கின்றனர். வேறு சிலரின் பிள்ளைகள் இவ்வூரிலேயே ஓலைக் கொட்டிலில் இருக்கின்றனர். உபயம் செய்ய வசதியில்லாமையால் வாசலுக்கு வரவும் கூச்சப்படுகின்றனர். அவர்கள் கேட்க மாட்டார்கள். முல்லைக்கொடியும் கேட்கவில்லை.

ஆகவே, பழைய பதிவேட்டிலுள்ள குடும்பங்களைத் தேடி, வாடியவர்களுக்கு உதவ ஒரு சிறு நிதியை ஒதுக்குமாறு சபையினரை வேண்டியுள்ளேன். உபயம் செய்ய இயலாத பழைய உபயகாரரின் பிள்ளைகளுக்கும் அவர்கள் முன்னோரின் திருவிழாவன்று காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்யவேண்டும் என்பதும் என் விண்ணப்பம். கொடுத்தவரை மறவாதிருப்பதும் சிவபுண்ணியமே. அம்பாள் எமக்கு அந்த நினைவைத் தந்தருள்வாளாக.

சுபம்.