பள்ளிக்கூடத் தேர்தலில் வென்ற அன்னி பெசன்ட்

சென்னை அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அன்னி பெசன்ட் அம்மையாரை நமக்குத் தெரியும். இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்டவர். காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணி. ஆனால் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, லண்டனில் ஒரு தேர்தலில் நின்று ஜெயித்தவர் அவர். அது பார்லிமெண்டுத் தேர்தல் அல்ல. பள்ளிக்கூட போர்டுத் தேர்தல்!

தாயின் உழைப்பு

அன்னி 1847-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். மகனைப் படிக்க வைப்பதற்காக, பள்ளி மாணவர்களுக்கு விடுதி நடத்தினார் தாய். மகளுக்கு, எல்லன் மாரியட் என்ற பெண்மணி தம் வீட்டில் வைத்துக் கல்வி கொடுத்தார். பிறர் உதவியால் படித்ததை அன்னி என்றும் மறக்கவில்லை.

மகளைப் பிரித்த தீர்ப்பு

1867-ல் பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். மதக் கொள்கையில் அன்னிக்குச் சந்தேகம் பிறந்தது. சர்ச்சுக்கு வந்து சடங்கில் கலந்துகொள். இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போய்விடு என்றார் கணவர். 1873-ல் அன்னி வெளியேறினார். மகன் தந்தையிடம் இருந்தான். மகள் மேபல் தாயோடு வந்தாள்.

குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை பிராட்லா என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். 1877-ல் வழக்கு வந்தது. தண்டனை அப்பீலில் ரத்தாயிற்று. ஆனால் அடுத்த ஆண்டு, மேபலைத் தாயிடம் விடக்கூடாது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. பெற்ற மகளை வளர்க்கத் தகுதியற்றவர் என்ற பழி அவர் மேல் விழுந்தது!

தீப்பெட்டித் தொழிலாளர்

அன்னி ஏழைகளின் பக்கம் திரும்பினார். கிழக்கு லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. அங்கே சிறுமிகளும் பெண்களும் அற்பக் கூலிக்கு வேலை செய்தார்கள். அந்தக் கூலியிலும் அபராதம் பிடிக்கப்பட்டது. பாஸ்பரஸ் நஞ்சினால் தாடை எலும்பு அழுகியவர்களும் உண்டு. இதை அன்னி பத்திரிகையில் எழுதினார். 1888 ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள், வெற்றியும் பெற்றார்கள்.

பெண்களுக்கும் ஓட்டு

அதே ஆண்டு நவம்பரில் லண்டன் பள்ளிக்கூட போர்டுக்குத் தேர்தல் வந்தது. 1870-ம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட போர்டு அது. ஊராரிடம் வரி வாங்கிப் பள்ளிக்கூடங்களைக் கட்டுவதும், ஆசிரியர்களை நியமிப்பதும் அதன் வேலை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். பார்லிமெண்டுத் தேர்தலில் இங்கிலாந்துப் பெண்களுக்கு 1918 வரை ஓட்டு இல்லை. ஆனால் பள்ளிக்கூட போர்டுத் தேர்தலில், வரி கட்டும் பெண்கள் ஓட்டுப் போடலாம். பெண்கள் வேட்பாளராகவும் நிற்கலாம்.

இன்னொரு புதுமையும் உண்டு. ஒரு தொகுதிக்கு ஐந்து இடம் என்றால் ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டு. ஐந்தையும் ஒருவருக்கே போடலாம்.

அன்னி, டவர் ஹாம்லெட்ஸ் தொகுதியில் நின்றார். நாத்திகர் என்றும், கணவரைப் பிரிந்தவர் என்றும் எதிரிகள் தூற்றினார்கள். பழைய வழக்கையும் கிளறினார்கள். ஏழை மக்கள் அதைக் காதில் வாங்கவில்லை. 15 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கி, தொகுதியில் முதலாவதாக வந்தார் அன்னி. ஒரு குழந்தையை வளர்க்கத் தகாதவர் என்று கோர்ட்டு ஒதுக்கிய பெண்ணிடம், லண்டன் குழந்தைகளின் படிப்பை ஒப்படைத்தார்கள் மக்கள்.

பசித்த வயிறு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றது சட்டம். சம்பளமும் கட்ட வேண்டும். வாரத்துக்குச் சில பென்சுதான். ஆனால் கூலிக்காரனுக்கு அது பெரும் பாரம். அனுப்பாத பெற்றோருக்குக் கோர்ட்டில் அபராதம்.

அன்னி பள்ளிக்கூடங்களுக்கு நேரில் போனார். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று போர்டில் வாதாடினார். இலவசக் கல்வியும் இலவச உணவும் வேண்டும் என்றார். வரிப் பணத்தில் சோறு போடுவதா என்று பலர் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை.

போர்டு வேலையைக் காண்டிராக்ட் எடுப்பவர்கள், தொழிலாளருக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்ற விதிக்காகவும் போராடினார். 1889-ல் போர்டு அந்த விதியை ஏற்றது. குழந்தையின் படிப்புக்கும் தகப்பனின் கூலிக்கும் உள்ள தொடர்பை அவர் அறிந்திருந்தார்.

கனவு பலித்தது

1891-ல் அவருடைய பதவிக் காலம் முடிந்தது. பிரம்மஞான சபையில் சேர்ந்துவிட்ட அவர், மறுபடி நிற்கவில்லை. அதே ஆண்டு, ஆரம்பப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் சம்பளத்தை ஒழிக்க வழி செய்யும் சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க அனுமதிக்கும் சட்டம் 1906-ல் வந்தது.

அப்போது அன்னி இந்தியாவில் இருந்தார். 1893-ல் தூத்துக்குடியில் வந்து இறங்கியவர், 1898-ல் காசியில் ஒரு கல்லூரியையும், 1904-ல் அங்கேயே பெண்கள் பள்ளியையும் தொடங்கியிருந்தார். பிரிக்கப்பட்ட மகளும் மகனும், பெரியவர்களானதும் தாயைத் தேடி வந்து சேர்ந்தார்கள்.

1933 செப்டம்பர் 20-ந் தேதி அடையாற்றில் அம்மையார் காலமானார். அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது சென்னையின் பெசன்ட் நகர்.