பழையகோட்டைப் பட்டக்காரர்

என் தாத்தா பிரிக்பீல்ட்ஸில் மாடு வளர்த்துப் பால் ஊற்றியவர். அந்த மாடுகளின் பூர்வீகம் அவருக்கே தெரியாது. தமிழரோடு கப்பலேறி வந்த பல இந்திய இனங்கள் இங்கே ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பின்னாளில் பாலுக்காக ஃபிரீசியனையும் சாஹிவாலையும் கலந்து மாஃப்ரிவால் இனத்தை மலேசியா உருவாக்கியது.

கலக்காமலே ஓர் இனத்தை உயர்த்திய தமிழரும் உண்டு. அவர்தான் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். ஆங்கிலேயர் காலத்தில் கொங்கு நாட்டுப் பழையகோட்டையின் பட்டக்காரர், பெரும் நிலக்கிழார்.

காங்கயம் வட்டாரம் மழை குறைந்த பூமி. கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துதான் மாடுகள் வளர வேண்டும். அங்கே அவர் பெரிய மந்தை வைத்து, சிறந்த காளையையும் பசுவையும் தேர்ந்து இணைத்தார். சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் காங்கயம் கன்றுகள், ஏருக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றன.

டிராக்டர் வந்ததும் அந்த உழைப்புக்கு மதிப்புக் குறைந்தது, மாடுகளும் குறைந்தன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போதுதான் காங்கயம் என்ற பெயரே எனக்குத் தெரிந்தது. தாத்தாவின் மாட்டில் அந்த இரத்தம் ஓடியிருக்குமோ? கேட்க அவர் இல்லை. உங்கள் வீட்டில் தாத்தா இருந்தால், இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.