11 ஆயிரம் டாலர் 'எலுமிச்சம்பழம்': கேலிக்கு ஆளான ரூப் மார்குவார்ட் சாதனை நாயகன் ஆனது எப்படி?

1908 செப்டம்பர் 25. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். சின்சினாட்டி அணிக்கு எதிராக பந்து வீச வந்த அந்த நெட்டையான இடது கை இளைஞரைப் பார்க்கத்தான் அன்றைக்கு அத்தனை பேரும் காத்திருந்தார்கள். காரணம் அவர் ஆட்டம் இல்லை, விலை. 11 ஆயிரம் டாலர்! ஒரு பேஸ்பால் வீரருக்கு அதுவரை யாருமே கொடுக்காத தொகை அது.

5 இன்னிங்ஸ் வீசியதும் அவரை மாற்றிவிட்டார்கள். அணி தோற்றது. அந்த சீசனில் அவருக்கு மறு வாய்ப்பே கிடைக்கவில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்தை ஒரே ஒரு ஆட்டத்தில் கோட்டைவிட்டது என்பதால், ஒவ்வொரு தோல்வியும் ரசிகர்களுக்கு உறுத்தியது. இந்த ஒன்று கூடுதலாகவே உறுத்தியது.

யார் இந்த மார்குவார்ட்?

ரிச்சர்ட் வில்லியம் மார்குவார்ட் 1886ல் ஓஹியோ மாகாணத்தின் கிளீவ்லேண்டில் பிறந்தவர். அப்பா அந்த நகரத்தில் இன்ஜினீயர். பையன் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை, பையனுக்கோ பந்துதான் உலகம். வீட்டை விட்டுக் கிளம்பி, சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு அயோவா மாகாணம் வரை போய் வாய்ப்பு கேட்டதாகவும், அதன்பிறகு அப்பா பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் வயதான காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனா ஒரு விஷயம்: மார்குவார்ட் சொன்ன பல தகவல்கள் ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. பிறந்த வருஷத்தையே 1889 என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். எனவே ரயில் கதையைக் கொஞ்சம் உப்பு சேர்த்த கதையாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

'ரூப்' என்பது பட்டப்பெயர். அப்போது பெரும்புகழோடு இருந்த இடது கை வீரர் ரூப் வாடெல் போலவே வீசுகிறார் என்பதால் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு பட்டிக்காட்டான் என்று பொருள். மார்குவார்டோ பக்கா நகரத்துப் பையன்!

திறமையில் சந்தேகமே இல்லை. கிரிக்கெட்டில் பவுலர் எப்படியோ, பேஸ்பாலில் பிட்சர் அப்படி. இன்னும் சொல்லப்போனால் அதற்கும் மேல், ஏன்னா ஒரு ஆட்டத்தின் வெற்றியோ தோல்வியோ பிட்சரின் பெயரிலேயே பதிவாகும். 1907ல் கேன்டன் அணிக்காக மார்குவார்ட் பெயரில் 23 வெற்றிகள். அடுத்த ஆண்டு இண்டியானாபொலிஸுக்காக 28. பெரிய அணிகள் போட்டி போட்டன, ஜயன்ட்ஸ் அணி மேலாளர் ஜான் மெக்ரா தட்டித் தூக்கினார். பணம் போனது இண்டியானாபொலிஸ் கிளப்புக்கு. எதிர்பார்ப்பு மட்டும் பையன் தலையில்.

புளித்துப்போன பெயர்

1909ல் 5 வெற்றி, 13 தோல்வி. 1910ல் 4 வெற்றி, 4 தோல்வி. அவ்வளவுதான். பத்திரிகைகள் '11 ஆயிரம் டாலர் எலுமிச்சம்பழம்' என்று பெயர் வைத்தன. நம்ம ஊரில் எலுமிச்சம்பழம் மரியாதைக்குக் கொடுப்பது. அமெரிக்காவில் அப்படி இல்லை, காசு கொடுத்து வாங்கி ஏமாந்த பொருளுக்குத்தான் அந்தப் பெயர்.

கவனித்துப் பார்த்தால் 1909ல் அவர் வீசியது அப்படியொன்றும் மோசமில்லை. 9 இன்னிங்ஸுக்கு சராசரியாக 2.60 ரன்தான் கொடுத்திருக்கிறார். ஆனா விலைச்சீட்டு கழுத்தில் தொங்கும்போது சுமாரான ஆட்டமும் படுமோசமாகத்தான் தெரியும். மெக்ரா கண்டிப்புக்குப் பேர்போனவர். அப்படியிருந்தும் இவரை விற்றுத் தலைமுழுகாமல் 3 ஆண்டுகள் வைத்திருந்தார் என்பதுதான் இந்தக் கதையில் பலரும் கவனிக்காத விஷயம்.

மாற்றியவர் யார்?

1911ல் மெக்ரா தன் பழைய நண்பர் வில்பர்ட் ராபின்சனை பயிற்சிக்கு அழைத்து வந்தார். பால்டிமோர் அணியில் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள். ராபின்சன் கேட்சராக இருந்தவர் என்பதால் பிட்சர்களின் மனசு அவருக்கு அத்துப்படி. அவர் மார்குவார்டைத் தனியாகவே கவனித்தார். வேகத்தை மட்டும் நம்பாதே, முதல் பந்தையே ஸ்டிரைக்காகப் போட்டு பேட்டரைப் பின்னுக்குத் தள்ளு என்பதுதான் பாடத்தின் சாரம். அதோடு, பதற்றத்தில் இருந்த ஆளுக்கு அருகிலேயே இருந்து தைரியமும் கொடுத்தார்.

விளைவு? அந்த சீசனில் 24 வெற்றி, 7 தோல்வி. 237 ஸ்டிரைக் அவுட், நேஷனல் லீகிலேயே அதிகம். எலுமிச்சம்பழம் என்று எழுதிய அதே பத்திரிகைகள் இப்போது '11 ஆயிரம் டாலர் அழகு' என்று எழுதின.

ஆனால் உலகத் தொடரில் ஒரு சறுக்கல். பிலடெல்பியாவுக்கு எதிரான 2வது ஆட்டத்தில் ஃபிராங்க் பேக்கர், மார்குவார்டின் பந்தை ஹோம் ரன்னாக விளாசினார். ஆட்டம் கைவிட்டுப் போனது. மறுநாள் பத்திரிகையில், அணியின் மூத்த நட்சத்திரம் கிறிஸ்டி மாத்யூசன் பெயரில் ஒரு கட்டுரை: மார்குவார்ட் தப்பான பந்தைப் போட்டார் என்று குறை சொன்னது. வேறொருவர் எழுதி இவர் பெயரில் வந்த கட்டுரைதான், ஆனா பெயர் பெயர்தானே. அன்றைக்கே 9வது இன்னிங்ஸில் அதே பேக்கர் மாத்யூசனின் பந்தையும் வெளியே அடித்துவிட்டார்! 'ஹோம் ரன்' பேக்கர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. மார்குவார்ட் தரப்பிலிருந்தும் பதிலுக்கு ஒரு கட்டுரை வந்தது. தொடரை பிலடெல்பியா வென்றது.

தொடர்ந்து 19

1912ல் நடந்ததுதான் இன்றுவரை பேசப்படுகிறது. ஏப்ரல் 11ல் தொடங்கி ஜூலை 3 வரை மார்குவார்ட் தோற்கவே இல்லை. சீசனின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து 19 வெற்றி. ஒரே சீசனில் 19 தொடர் வெற்றி என்பது 1888ல் டிம் கீஃப் வைத்திருந்த சாதனைக்குச் சமம். உண்மையில் கணக்கு 20 ஆகியிருக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு ஆட்டத்தில் அணி பின்தங்கியிருந்தபோது மாற்று பிட்சராக இறங்கினார், அணி ஜெயித்தது. இன்றைய விதிப்படி அந்த வெற்றி அவருக்குத்தான். அன்றைய வழக்கப்படி ஆட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் டெஸ்ரோ கணக்கில் போய்விட்டது.

ஜூலை 8ல் சிகாகோ கப்ஸ் அணி அந்த ஓட்டத்தை நிறுத்தியது. அதன்பிறகு சீசன் முடியும்வரை 7 வெற்றி, 11 தோல்வி. ஒரே ஆண்டில் இரண்டு வேறு ஆட்களைப் பார்த்த மாதிரி.

புகழ் உச்சத்தில் இருந்தபோது மேடையும் கூப்பிட்டது. பாடகி ப்ளாசம் சீலியோடு ஆட்டமும் பாட்டுமாக நிகழ்ச்சிகள் நடத்தினார். சீலி அப்போது இன்னொருவரின் மனைவி, விவகாரம் கோர்ட் வரை போய் பத்திரிகைகளுக்குத் தீனி போட்டது. 1913ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள், 1920ல் பிரிந்தார்கள். அந்த 1913லும் மைதானத்தில் அவருக்கு 23 வெற்றி.

பிறகு ஏற்ற இறக்கம்தான். 1914 ஜூலை 17ல் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 21 இன்னிங்ஸ் முழுவதையும் ஒற்றை ஆளாக வீசி ஜெயித்தார். அந்த சீசன் முடிவில் கணக்கு 12 வெற்றி, 22 தோல்வி. 1915 ஏப்ரலில் புரூக்ளினுக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். சில மாதங்களில் அதே புரூக்ளின் அணிக்கே போய்விட்டார். அங்கே மேலாளர் யார் தெரியுமா? வில்பர்ட் ராபின்சன்! 1916ல் அணி உலகத் தொடருக்குப் போனது.

1920 உலகத் தொடரில் இன்னொரு கூத்து. சொந்த ஊரான கிளீவ்லேண்டில் டிக்கெட்டை கூடுதல் விலைக்கு விற்க முயன்றதாக போலீஸ் பிடித்தது. அபராதம் வெறும் 1 டாலர், கூட கோர்ட் செலவு. ஆனா புரூக்ளின் நிர்வாகம் மன்னிக்கவில்லை, சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டது. அறிமுக ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்த அதே அணி. கடைசியாக பாஸ்டன் அணியில் ஆடி 1925ல் விடைபெற்றார். மொத்தம் 201 வெற்றி, 177 தோல்வி.

1960களில் பேராசிரியர் லாரன்ஸ் ரிட்டர் பழைய வீரர்களைத் தேடிப்போய் பேட்டி எடுத்துப் புத்தகமாக்கியபோது, மார்குவார்ட் பெயர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. 1971ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தது. 3 நல்ல ஆண்டுகளுக்காக இவ்வளவு பெரிய கௌரவமா என்று விமர்சகர்கள் இன்றும் கேட்கிறார்கள். 201க்கு எதிரே 177 என்ற கணக்கைப் பார்த்தால், அந்தக் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஓய்வுக்குப் பிறகு குதிரைப் பந்தய மைதானங்களில் பந்தய டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்தார். டிக்கெட் விற்கப்போய் மாட்டிக்கொண்டவருக்கு கடைசியில் டிக்கெட் விற்பதே தொழிலானது. 1980 ஜூன் 1ல் பால்டிமோரில் இறந்தபோது அவருக்கு வயது 93. ஒரே சீசனில் தொடர்ந்து 19 வெற்றி என்ற அந்தக் கணக்கை இதுவரை யாரும் தாண்டவில்லை.