தொடைச்சந்து வைத்தியர் ஸர் ஜான் சார்ன்லி

யாப்போக்கு ஆற்றங்கரையிலே யாக்கோபின் தொடைச்சந்து சுளுக்கியதையும், அவன் நொண்டி நடந்ததையும் நாம் சிறு பிராயமுதற் கேட்டிருக்கிறோம். நாற்று நட்டும் களை பறித்தும் மூப்படைந்த நம் புதுக்கோட்டைச் சீமை மூதாட்டியருள்ளும் அவ்வாறு நடப்போர் உளர். அத்தகையோர்க்கு உதவும் செயற்கை இடுப்பு மூட்டினைச் செவ்வையாக அமைத்தவர் ஸர் ஜான் சார்ன்லி.

இவர் 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்தில் பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மருந்துக் கடை நடத்தியவர். தாயார் நோயாளரைப் பேணும் தாதி. மான்செஸ்டர் சர்வகலாசாலையில் 1935-இல் வைத்தியப் பட்டம் பெற்று, யுத்த காலத்தில் எகிப்து நாட்டிலும் ராணுவ வைத்தியராய் ஊழியம் புரிந்தார்.

பின்னர் ஒரு நோயாளியின் செயற்கை இடுப்பு அசையுந்தோறும் கிறீச்சிட்டதாம். வீட்டாரால் அதனைச் சகிக்க இயலவில்லையாம். கேட்போர் நகைக்கத்தக்க இச்செய்தியே சார்ன்லியை உராய்வின் ஆராய்ச்சியிற் புகுத்திற்று. ரைட்டிங்டன் வைத்தியசாலையிலே, சிறியதோர் எஃகுப் பந்தினை வழுக்குந் தன்மையுள்ள டெப்லான் கிண்ணத்திற் பொருத்தி, அக்ரிலிக் சாந்தினால் எலும்பிற் பதித்தார். நோவினால் முடங்கியிருந்தோர் எழுந்து நடந்தனர்.

அந்தோ! மூன்றாண்டுகளுக்குள் கிண்ணங்கள் தேய்ந்தன; தேய்ந்த துகள் சுற்றியுள்ள சதையையும் எலும்பையும் அழித்தது. அவ்வாறு கிண்ணம் பெற்றோர் ஏறக்குறைய 300 பேர். மறு அறுவை முதலறுவையினுங் கடினமானது. பழைய சாந்தைப் பெயர்த்தெடுக்கவேண்டும், எஞ்சிய எலும்போ மெலிந்திருக்கும். அப்பொறுப்பை அவர் பிறர்மேற் சுமத்தாது தாமே ஏற்றார். இவர் சரித்திரத்தில் நாம் மிகவும் மதிப்பது இப்பகுதியையே.

1962 மே மாதத்தில் ஒரு வியாபாரி பாலிஎதிலீன் துண்டொன்று கொணர்ந்தார். சார்ன்லி நகத்தாற் கீறிப் பார்த்து, உதவாதென்று ஒதுக்கிவிட்டார்! அவர் கோபன்ஹேகன் சென்றிருந்த சமயம் பார்த்து, தொழிற்கூடத் துணைவர் ஹாரி கிரேவன் அதனை இயந்திரத்திலிட்டுச் சோதித்தார். தேய்வு மிகச் சொற்பமே. அவ்வாண்டு நவம்பரில் அது நோயாளருக்குப் பொருத்தப்பட்டது. எனினும் ஐயந்தீர, இரு பொருள்களையும் தம் தொடையிலேயே புகுத்திச் சோதித்தார். டெப்லான் இருந்தவிடம் வீங்கிற்று, மற்றது தீங்கு செய்யவில்லை.

1977-இல் ஸர் பட்டம் பெற்று, 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் காலமானார். அதன்பின் உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுகள் மீண்டும் பரவின. கோபால்ட்டு, குரோமியத் துகள்கள் சதையைக் கெடுக்கவே, ஏ.எஸ்.ஆர். என்னும் மூட்டு 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நம் தேசத்தில் அதனைப் பொருத்திக்கொண்டோருட் பலர் எங்குளரென்றே அறியக்கூடவில்லை. சார்ன்லியோ, தம் நோயாளர் மரித்தபின்னும் அம்மூட்டை எடுத்து ஆராய்வதற்கு, அவர்கள் உயிரோடிருக்கையிலேயே சம்மதம் கேட்டு வைத்திருந்தார்.