சூளையில் எழுந்த கல்லூரி

நமது கல்லூரியின் விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், பிறிதொரு நாட்டிலே வெறுநிலத்திற் கல்லூரி கண்ட ஒருவரின் வாழ்க்கையை நோக்குதல் பொருத்தமேயாம்.

புக்கர் வாஷிங்டன் ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்துத் தோட்டமொன்றில், 1856ஆம் ஆண்டில், அடிமைத் தாயொருத்தியின் மகனாய்ப் பிறந்தவர். 1865இல் விடுதலை கிடைத்தபோது அவர் எழுத்தறியாச் சிறுவர். உப்பு உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்துக்கொண்டே கற்றார். 1872இல் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தை நாடி, நடந்தும் வண்டிகளில் இடங்கேட்டும் ஏறக்குறைய 500 மைல் சென்றார். புழுதி படிந்த கோலத்துடன் நின்ற அவரை ஆசிரியை ஓர் அறையைப் பெருக்கும்படி பணித்தார். மும்முறை பெருக்கி, நான்குமுறை துடைத்தார். அதுவே அவர் எழுதிய நுழைவுத் தேர்வு!

1881இல் அலபாமா மாகாண அரசு, டஸ்கீகி என்னும் சிற்றூரிற் கறுப்பின ஆசிரியரைப் பயிற்றுதற்கென ஆண்டுக்கு 2,000 டொலர் ஒதுக்கிற்று. அப்பணம் சம்பளத்துக்கு மட்டுமே உரியது. நிலமில்லை, கட்டடமுமில்லை. வேறொருவராயின் இல்லாதவற்றுக்கெல்லாம் பட்டியல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பர். (அவ்வழக்கம் நாம் அறியாததன்று.) வாஷிங்டனோ கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் ஏறி ஒருமாத காலம் கிராமங்களைச் சுற்றினார், குடிசைகளில் உண்டு உறங்கினார். அங்கே வறுமையைக் கண்டார். அடிமை வாழ்வு விட்டுச்சென்ற கைத்திறனையும் உடன் கண்டார். அப்பள்ளி அவ்வூருக்கு வரக் காரணராயிருந்த லூயிஸ் அடம்ஸ் என்பாரும், அடிமையாயிருந்த நாளிலேயே சப்பாத்து, சேணம், தகரவேலை ஆகியன பயின்றவரே.

யூலை 4ஆம் நாள் 30 மாணவருடன் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் ஒழுகும் குடிசை. ஆசிரியர் பாடஞ் சொல்ல மாணவரொருவர் குடை பிடிப்பார். சில மாதங்களில் 500 டொலர் விலையில் 100 ஏக்கர்ப் பாழ்த்தோட்டமொன்றை வாங்கினர். குதிரை லாயமும் கோழிக்கூடும் வகுப்பறைகளாயின.

நிலத்தைத் திருத்த வேண்டியபோது மாணவர் முகஞ்சுளித்தனர். மண்வேலையினின்றும் தப்பவன்றோ அவர்கள் படிக்க வந்தனர்! வாஷிங்டன் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். பின்னர் அவர்களும் சென்றனர்.

அவ்வூரிற் செங்கல் செய்வார் எவருமிலர். களிமண்ணோ பள்ளி நிலத்திலேயே இருந்தது. முழங்காலளவு சேற்றில் நின்று மண் பிசைந்தனர். முதற்சூளை 25,000 கற்களுடன் பழுதாயிற்று. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது, வேகி முடியுந் தறுவாயிற் சரிந்தது. கையில் ஒரு காசுமில்லாத நிலையில், தம் கைக்கடிகாரம் போன்ற சிறு உடைமையாயிருந்த பைக் கடிகாரத்தை 15 டொலருக்கு அடகுவைத்து நான்காஞ் சூளையை மூட்டினார். கல் வெந்தது. கடிகாரம் மீளவில்லை. பள்ளியை விரும்பாத வெள்ளையரும் நல்ல கல் வேண்டி வாயிலுக்கு வந்தனர். பின்னெழுந்த கட்டடங்களிற் பெரும்பாலன மாணவர் கைகளால் ஆனவை. 1896இல் ஜோர்ஜ் கார்வர் என்னும் விவசாய அறிஞரும் அங்கு ஆசிரியராய் வந்தமைந்தார்.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. 1895இல் அட்லாண்டா நகரிற் பேசியபோது, தம் மக்கள் முதலிற் பொருளாக்கத்தையே நாடவேண்டும் என்றும், சமவுரிமைக் கிளர்ச்சியை அவசரப்படுத்தலாகாது என்றும் வாஷிங்டன் கூறினார். டூ போய்ஸ் என்னும் பேரறிஞர் 1903இல் இதனைக் கடுமையாய் மறுத்தார். நீதி டூ போய்ஸ் பக்கமே என்பது என் துணிபு. வாக்குரிமை அற்றவனின் செங்கல்லுக்குக் காவல் ஏது? 1901இல் அலபாமாவின் புதிய அரசியலமைப்பு கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தேவிட்டது. ஆயினும், அதனை எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு வாஷிங்டனே மறைவிற் பணமளித்தார் என்பது அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் அவர் கடிதங்களால் வெளிப்பட்டது.

1915ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க்கில் நோயுற்றுக் கிடந்தவர், தம்மை டஸ்கீகிக்கே கொண்டுசெல்லுமாறு வற்புறுத்தினார். புகையிரதத்தில் வந்துசேர்ந்து, மறுநாள் விடியுமுன், 14ஆந் திகதி உயிர் நீத்தார். அப்போது அங்கே ஏறக்குறைய 1,500 மாணவர் பயின்றுகொண்டிருந்தனர்.