மனசாட்சி வாக்கில் வென்றவர்

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சிக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் வரும்போதெல்லாம், ஒரே கட்சிக்குள் இத்தனை வசைமாரியா என்று நம்மவர்கள் வியக்கிறார்கள். 1969-ஆம் ஆண்டின் ஆடி மாதத்தை ஆரணியில் கழித்தவர்களுக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது நான் பள்ளி மாணவன். விடியற்காலையில் தெருவில் பட்டுப் பாவு விரிக்கும்போது ஒரு முனையில் நிற்பவர் காமராஜரின் தொண்டராக இருப்பார். மறுமுனையில் நிற்பவர் தி.மு.க.காரர். பாவு அறுந்துவிடக் கூடாதே என்ற கவலை இல்லாதிருந்தால் இருவரும் கைகலந்திருப்பார்கள். இத்தனைக்கும் அவர்கள் இருவருக்குமே அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்ற, சட்டப்பேரவை உறுப்பினர்கள்தாம்.

சர்ச்சைக்கு உரியவர் வராககிரி வேங்கட கிரி. 1894 ஆகஸ்ட் 10-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் பிறந்தார். சட்டம் படிக்க டப்ளின் சென்றவர், அயர்லாந்து விடுதலைப் போராளிகளோடு கொண்ட தொடர்பால் 1916-இல் அந்நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஊர் திரும்பியவரை ரயில்வே தொழிலாளர்கள் பற்றிக்கொண்டார்கள். 1928-இல் வங்காள நாகபுரி ரயில்வேயில் நடந்த வேலைநிறுத்தத்தை வன்முறையின்றி நடத்தி, நிர்வாகத்தைப் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வரச் செய்தார். 1937 தேர்தலில் நீதிக்கட்சியின் பொப்பிலி அரசரையே வீழ்த்தி, ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சரானார்.

அவருடைய வாழ்வில் என்னை மிகவும் கவர்வது 1954 ஆகஸ்ட் மாதம். அப்போது அவர் நேருவின் அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர். வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பை மத்திய அரசு திருத்தியது. தொழில் தகராறுகளை இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும், தீர்த்ததை மதிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியவரால் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை, பதவி விலகினார். பிறகு உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் மாநிலங்களில் ஆளுநர். 1967-இல் குடியரசுத் துணைத் தலைவர்.

1969 மே 3-ஆம் நாள் ஜாகிர் உசேன் மறைந்தார். கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு, மக்களவைத் தலைவராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. இது காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே. பாட்டீல் ஆகியோர் எடுத்த முடிவு. பிரதமர் இந்திரா காந்திக்கு உவப்பானதன்று. ஆயினும் ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து கையொப்பமிட்டவர் அவரேதான்! ஜூலை 19-ஆம் நாள் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கிரி கையொப்பமிட்டார். மறுநாள் பதவியைத் துறந்து சுயேச்சையாகக் களம் இறங்கினார்.

எங்கள் தெருவில் வாதம் இரண்டே வரியில் அடங்கிவிடும். கிரி தொழிலாளியின் தோழர், ஆகவே நெசவாளிக்கும் வேண்டியவர் என்பது தி.மு.க. தரப்பு. தறிக்குழியில் கால் மரத்துப்போய், முதலாளி சொல்லும் கூலிக்கு நெய்பவனுக்குப் பேச்சுவார்த்தையால் கூலி உயர்த்தியவர் மீது ஈர்ப்பு இருந்ததில் வியப்பென்ன? கிரி இந்திராவின் கைப்பொம்மை, கட்சிக் கட்டுப்பாட்டைக் குலைக்க வந்தவர் என்பது காமராஜர் தரப்பு. பெருந்தலைவர் காட்டியவரை ஏற்காதவன் காங்கிரஸ்காரனே அல்லன் என்பார்கள். நிஜலிங்கப்பா இரண்டாம் விருப்ப வாக்குக்காக ஜனசங்கத்தையும் சுதந்திராக் கட்சியையும் நாடியதும், இந்திரா தம் கட்சியினரை மனசாட்சிப்படி வாக்களிக்குமாறு கேட்டுக்கொண்டதும் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தன. கிரியின் 75 ஆண்டு வாழ்க்கையைப் பற்றி எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. சண்டை காமராஜருக்கும் இந்திராவுக்கும். கிரி என்பது அதற்கு ஒரு பெயர்.

ஆகஸ்ட் 16-இல் வாக்குப்பதிவு, 20-இல் எண்ணிக்கை. முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515; ரெட்டி 3,13,548; சி.டி. தேஷ்முக் 1,12,769. வெற்றிக்கு வேண்டிய 4,18,169 எவருக்கும் கிட்டவில்லை. இரண்டாம் விருப்பத்தையும் எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இன்றுவரை இரண்டாம் விருப்ப வாக்கால் முடிவான குடியரசுத் தலைவர் தேர்தல் அது ஒன்றே. மூன்று மாதங்களில் காங்கிரஸ் பிளந்தது. தேர்தலின்போது ரெட்டியை இழிவுபடுத்தி வெளியான துண்டுப் பிரசுரம் தொடர்பான வழக்கில், பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே உச்ச நீதிமன்றம் சென்று சாட்சியம் அளித்தார். தடுக்கும் வழி இருந்தும் நேரில் சென்றது கிரியின் பெருமை என்றே நான் கருதுகிறேன். வழக்கு தள்ளுபடியானது.

ஆனால் அடுத்த ஐந்தாண்டுகள் காமராஜர் தரப்பின் ஏளனத்துக்கு வலுச் சேர்த்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970-இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொணரும் ஆணையை அவர் சோவியத் நாட்டுப் பயணத்தின்போது கீவ் நகரில் இருந்தபடி கையொப்பமிட்டு அனுப்பினார். அதைக்கூட மன்னிக்கலாம். 1974 மே மாதம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஆயிரக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள்; குடும்பங்கள் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1928-இல் அதே தண்டவாளத் தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கியவர் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார். அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்பது உண்மைதான். எனினும் வங்கி ஊழியர்களுக்காக 1954-இல் பதவியைத் தூக்கி எறிந்தவர் 1974-இல் அவ்வாறு செய்யவில்லை. பதவிக்காலம் முடிய அப்போது சில மாதங்களே எஞ்சியிருந்தன. இந்திராவும் அவரை மறுமுறை நிறுத்தவில்லை. பக்ருதீன் அலி அகமதுவைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டு கிரிக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது.

ஓய்வுக்காலத்தைச் சென்னையில் கழித்த கிரி, 1980 ஜூன் மாதம் இங்கேயே காலமானார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர், 1977-இல் போட்டியின்றித் தேர்வான நீலம் சஞ்சீவ ரெட்டி.